பல விதிகளும் ஒரு வரியும்

இக்காலத்தில் யந்திரங்கள் எழுதுகிற அளவுக்கு மனிதர்கள் எழுதுவதில்லை. வங்கியின் கம்ப்யூட்டரும், ரயில்வே முன்பதிவை நடத்தும் சர்வரும், ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கருவியும், நம் சட்டைப் பையிலுள்ள செல்போனும் தாம் செய்த காரியங்களைக் கணந்தோறும் வரி வரியாகக் குறித்து வைத்துக்கொண்டே போகின்றன. யார் எப்பொழுது உள்ளே வந்தார், யாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, எந்தப் பணம் எங்கே போயிற்று, எந்தப் பாகம் பழுதடைந்தது என்பவையெல்லாம் அந்த வரிகளிலேதான் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதற்கு ஆட்களை அமர்த்தி மாளாது. ஆகவே எழுதுகிற வேலையை யந்திரத்திடம் ஒப்படைத்த நாம், எழுதியதைப் படித்து இன்ன வரி இன்ன ரகம் என்று பிரிக்கிற வேலையையும் யந்திரத்திடமே ஒப்படைத்துவிட்டோம். அதற்காக நாம் அதன் கையில் கொடுத்திருக்கும் விதிப் பட்டியல்களைப் பற்றி ஒரு பத்திரிகை வாசகர் கவலைப்பட வேண்டிய அவசியம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். விதிகளை எழுதும் வித்தை கல்லூரிகளில் சொல்லித் தரப்படுகிறது. பல விதிகள் ஒரே வரியின்மீது உரிமை கொண்டாடும்போது எது செல்லும், எது செல்லாது, ஒன்றுமே உரிமை கொண்டாடாத வரியை என்ன செய்வது என்று முன்கூட்டியே நிர்ணயிக்கும் விவேகம் பெரும்பாலும் சொல்லித் தரப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம். அதனால் விளையும் தீங்கு புரோகிராமரோடு நிற்பதில்லை. அவர் முகத்தையே பார்த்திராதவர்களை வந்து தாக்குகிறது.

விதி என்று நான் இங்கே சொல்வது ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதை. தொழிலில் இருப்போர் சுருக்கமாக ரீஜெக்ஸ் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தேடாமல், சொற்களின் சாயலைத் தேடச் சொல்லும் குறியீட்டு முறை அது. புள்ளி இட்டால் ஏதேனும் ஓர் எழுத்து. அதை அடுத்து நட்சத்திரம் இட்டால் அப்படிப்பட்ட எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். தொப்பிக் குறி வரியின் தொடக்கத்தையும் டாலர் குறி அதன் முடிவையும் காட்டும். நெட்டுக்கோடு, இது அல்லது அது என்று பொருள்படும். '^பணம்.*திரும்பியது$' என்று எழுதிவிட்டால், 'பணம்' என்று தொடங்கித் 'திரும்பியது' என்று முடிகிற வரிகள் அத்தனையும் அகப்படும். அடிப்படை இவ்வளவுதான், மற்றவை நுணுக்கங்கள்.

இச்சிறு குறியீட்டின் வமிசாவளி பெரிது. மூளையின் நரம்புகள் எவ்வாறு கணக்கிடக்கூடும் என்பதற்கு மக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் 1943-ல் ஒரு கணித உருவம் கொடுத்தார்கள். அந்த உருவத்தால் எவ்வகை நிகழ்ச்சித் தொடர்களையெல்லாம் இனங்கண்டுகொள்ள முடியும் என்று ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி என்னும் அமெரிக்கத் தர்க்க சாஸ்திரி, ராண்ட் ஸ்தாபனத்துக்காக 1951-ல் எழுதிய ஆராய்ச்சிக் குறிப்பில் இம்முறையை வகுத்தார். அந்தக் கணிதத்தை ஐ.பி.எம். 7094 யந்திரத்தின் கட்டளைகளாக மாற்றி, எழுத்துக் குவியலில் தேடும் கருவியாக ஆக்கியவர் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த கென் தாம்ஸன். அவருடைய கட்டுரை 1968-ல் வெளிவந்தது. பிற்பாடு அதே கூடத்தில் லீ மக்மஹான் என்பவர், அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்துப் பதினெட்டாம் நூற்றாண்டில் புனைபெயரில் எழுதப்பட்ட 85 'பெடரலிஸ்ட்' கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, எதை எவர் எழுதினார் என்று சொற்பிரயோகத்தைக் கொண்டே ஆராய முற்பட்டபோது, நூல் முழுவதும் எடிட்டர் என்னும் எழுத்துத் திருத்தும் கருவிக்குள் அடங்கவில்லையாம். எடிட்டரின் தேடும் பகுதியை மட்டும் தாம்ஸன் தனியே பிரித்துக் கொடுத்தார் என்றும், அதுவே உலகமெங்கும் இன்று வழங்கும் 'கிரெப்' என்றும் அவருடைய சகாவான பிரயன் கெர்னிஹான் கூறியிருக்கிறார்.

ஒரே விதியைக் கொண்டு தேடுகிற வரையில் சங்கடம் எதுவும் கிடையாது. வரி பொருந்தும், அல்லது பொருந்தாது. இரண்டாவது விதி வந்து சேர்ந்த கணத்திலேயே அரசியல் தொடங்கிவிடுகிறது. ஒரு வரி இரண்டுக்கும் பொருந்தினால் என்ன செய்வது? இக்கேள்விக்கு வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன என்பதையும், அப்பதில்களில் எதுவும் தவறானதல்ல என்பதையும் கவனித்தால்தான் விஷயத்தின் சூட்சுமம் விளங்கும். ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிஹான் என்ற மூவர் 1977-ல் செய்த 'ஆக்' என்னும் மொழியில், புரோகிராம் என்பதே விதியும் அதற்குரிய செயலும் ஜோடி ஜோடியாக அமைந்த ஒரு பட்டியல்தான். ஒவ்வொரு வரியும் பட்டியலின் தலைமுதல் கால்வரை செல்லும், பொருந்துகிற விதிகள் அனைத்தும் தத்தம் செயலை நிறைவேற்றும். மைக் லெஸ்க்கும், பிற்காலத்தில் கூகுளின் தலைவராக விளங்கிய எரிக் ஷ்மிட்டும் 1975-ல் செய்த 'லெக்ஸ்' என்னும் கருவியோ, பொருந்துகிற விதிகளுள் எது அதிக நீளத்தை விழுங்குகிறதோ அதற்கே வெற்றி என்றும், நீளம் சமமானால் முன்னே எழுதியதற்கு வெற்றி என்றும் தீர்ப்பளிக்கும். 1987-ல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியிலும், 1991-ல் கிடோ வான் ராஸம் வெளியிட்ட பைதானிலும், 'இது பொருந்தினால் இப்படிச் செய், இல்லாவிட்டால் அதைப் பார்' என்று சங்கிலியாக எழுதுவதே சகஜமாகையால், முதலில் பொருந்திய விதியோடு விசாரணை முடிந்துவிடும். அதற்குக் கீழே எத்தனை நல்ல விதிகள் காத்திருந்தாலும் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

எல்லாரும் பேசலாம் என்பது ஒரு தர்மம்; நீண்டது வெல்லும் என்பது ஒரு தர்மம்; முந்தியது வெல்லும் என்பது மற்றொரு தர்மம். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் எழுதும்போதுதான் விபரீதம் நேருகிறது. ஒரே விதிக்குள்ளேயே நெட்டுக்கோடு இட்டு இரண்டு மாற்றுகளை அடுக்கினாலும் இந்தப் பேதம் தலைகாட்டும்: 'தமிழ்|தமிழ்நாடு' என்ற விதியைத் 'தமிழ்நாடு' என்ற சொல்லின்மீது பிரயோகித்தால், நீண்டதையே எடுக்க வேண்டும் என்ற பழைய யூனிக்ஸ் நியதியைப் பின்பற்றும் கருவிகள் முழுச் சொல்லையும் எடுத்துக்கொள்ளும், பெர்லும் பைதானும் இடப்பக்கத்து மாற்று பொருந்தியதும் திருப்தியடைந்து, 'தமிழ்' என்பதோடு நின்றுவிடும். இரண்டு கருவிகளுமே தத்தம் சாஸ்திரப்படி சரியாகத்தான் நடந்தன. பிழை, சாஸ்திரம் எது என்று விசாரிக்காமல் எழுதியவரைச் சேர்ந்தது.

இது மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த சங்கடம் என்று எண்ண வேண்டாம். இரண்டு விதிகள் ஒரே இடத்தில் மோதினால் வரிசையில் பிந்திய விதியே செல்லும் என்று பாணினி தம் அஷ்டாத்தியாயியில் அதற்கென்றே ஒரு சூத்திரம் செய்து வைத்தார். தமிழ் இலக்கண ஆசிரியர்களோ பொதுவிதி, சிறப்புவிதி என்று பகுத்து, சிறப்புவிதி நுழைகிற இடத்தில் பொதுவிதி விலகிக்கொள்ளும்படி செய்து, இரண்டிலும் அடங்காதவற்றுக்குப் புறனடை என்று ஓர் இடமும் ஒதுக்கினார்கள். விதிகளை எழுதுவது ஒரு பங்கு, விதிகளுக்குள் உள்ள உறவை எழுதுவது மற்றொரு பங்கு என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். பல ரீஜெக்ஸ்களைப் பட்டியலாக எழுதும் இக்காலத்து இளைஞர் முதற்பங்கோடு நின்றுவிடுகிறார்; அவருக்குப் பொதுவிதி தெரிகிறது, சிறப்புவிதி தெரிகிறது, எதற்கு எது வழிவிட வேண்டும் என்பதும் புறனடை என்ற ஒன்று வேண்டும் என்பதும் தெரிவதில்லை.

ஓர் உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்போம். சர்வர்களைப் பாதுகாக்கும் ஒரு கருவிக்குப் 'பெயில்-டு-பேன்' என்று பெயர்; 2004-ல் தோன்றியது, பைதானில் எழுதப்பட்டது, உலகில் எண்ணற்ற சர்வர்களில் இன்றும் காவல் புரிகிறது. சர்வர் எழுதும் வரிகளை அது ஒவ்வொன்றாகப் படித்து, ரீஜெக்ஸ் பட்டியலோடு ஒப்பிட்டு, கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்தவரின் இணைய முகவரியைக் குறித்துக்கொள்ளும். அதனுடன் வரும் சாதாரண அமைப்பின்படி, 10 நிமிஷத்துக்குள் 5 முறை தவறியவருக்கு 10 நிமிஷம் கதவை அடைக்கும். அது படிக்கும் வரிகள் ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்: 'தவறான கடவுச்சொல்: பயனர் ராமன், முகவரி 203.0.113.7' என்று ஒன்று. 'தவறான கடவுச்சொல்: இல்லாத பயனர் அட்மின், முகவரி 203.0.113.7' என்று மற்றொன்று. முதலாவது, கணக்கு உள்ள ஒருவர் ஞாபக மறதியால் செய்த பிழையாக இருக்கலாம். இரண்டாவது, இல்லாத பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கதவைத் தட்டிப் பார்க்கும் அந்நியனின் வேலையாக இருப்பதற்கே இடம் அதிகம். முன்னவருக்கு எச்சரிக்கையும் பின்னவனுக்குத் தடையும் என்று ஒருவர் தாமே இரண்டு விதிகள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். '^தவறான கடவுச்சொல்: .*' என்ற பொதுவிதியை மேலேயும், '^தவறான கடவுச்சொல்: இல்லாத பயனர் .*' என்ற சிறப்புவிதியை அதன் கீழேயும் வைத்து, முந்தியது வெல்லும் தர்மத்தில் அவர் எழுதிவிட்டால், சிறப்புவிதிக்கு ஆயுள் முழுவதும் ஒரு வரிகூட வந்து சேராது. புரோகிராம் ஓடும்; பிழைச் செய்தி எதுவும் வராது; எச்சரிக்கைகள் குவியும்; தடை மட்டும் ஒரு நாளும் விழாது. பட்டினி கிடக்கும் அவ்விதி பட்டியலில் இருப்பதைக் கண்டு, காவல் பலமாக இருக்கிறது என்று அவரும் நிம்மதியாகத் தூங்குவார்.

விதி தளர்ந்திருப்பதால் விளையும் அபாயம் இதனினும் கொடிது. மேற்சொன்ன கருவியும் அதைப் போன்ற வேறு சிலவும் ஆரம்ப காலத்தில் வைத்திருந்த விதிகள், வரியின் தொடக்கத்தையும் முடிவையும் இறுக்கிப் பிடிக்காமல், நடுவில் எங்கேனும் முகவரி போன்ற ஒன்று தென்பட்டால் போதும் என்று விட்டிருந்தன. வரியின் ஒரு பகுதி, உள்ளே நுழைய வருபவன் தன் கையாலேயே அனுப்பிய சொல் என்பதை விதி எழுதியவர்கள் கவனிக்கவில்லை. வருபவன் தான் அனுப்பும் சொல்லுக்குள்ளேயே சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதரின் முகவரியைப் பொதிந்து அனுப்பினால், கருவி அதையே குற்றவாளியின் முகவரியாகப் படித்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாதவருக்குக் கதவை அடைத்துவிடும் என்பது 2007-ல் பகிரங்கமாக எடுத்துக்காட்டப்பட்டது. பிறகு விதிகள் திருத்தப்பட்டன. தொப்பிக் குறியும் டாலர் குறியும் இட்டு இருமுனையையும் கட்ட வேண்டும் என்று அக்கருவியின் கையேடு இப்பொழுது புதிதாக விதி எழுதுவோருக்கு உபதேசிக்கிறது. சாட்சி சொல்ல வந்தவனையே பதிவேட்டில் எழுத விட்டுவிட்டு, எழுதியதை அப்படியே நம்பித் தண்டனை விதித்தால் என்ன ஆகுமோ அதுவே அங்கே ஆயிற்று.

விதிகள் பெருகப் பெருக வேகத்தைப் பற்றிய கவலையும் வருகிறது. இதிலும் பாமரத்தனமான நம்பிக்கைகள் பல உலவுகின்றன. ஆயிரம் விதிகளை லட்சம் வரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் பத்துக் கோடி ஒப்பீடுகள் என்பது சாதாரணப் பெருக்கல் கணக்கு. பைதானில் ஒரு ரீஜெக்ஸை வெறும் எழுத்தாகக் கொடுத்தால், அதை யந்திரத்துக்குரிய உருவில் மாற்றி, மறுமுறை உதவுமென்று ஒரு சேமிப்பில் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்தச் சேமிப்பில் 512 விதிகளுக்கே இடம். பட்டியல் 512-ஐத் தாண்டிவிட்டது என்றும், வரிதோறும் அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகச் சோதிக்கிறோம் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு விதி மறுபடி தேவைப்படுவதற்குள் பின்வந்த விதிகள் அதை வெளியே தள்ளியிருக்கும். ஆகவே ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு விதியும் புதிதாக உருமாற்றம் பெறும். ஐந்நூறு விதிகளுக்கு விரைந்து ஓடிய புரோகிராம் ஐந்நூற்றிருபதுக்குத் திடீரென்று ஊர்ந்து செல்வதன் ரகசியம் இதுதான். பரிகாரம் சுலபம்: விதிகளையெல்லாம் வரிகளைப் படிக்கத் தொடங்குமுன் ஒரே தடவை உருமாற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா விதிகளையும் நெட்டுக்கோட்டால் ஒட்டி ஒரே நீண்ட விதியாக்கிவிட்டால் வேகம் வந்துவிடும் என்பது மற்றொரு நம்பிக்கை. பைதானின் உள்யந்திரம் மாற்றுகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகவே முயன்று பார்ப்பதால், ஒட்டியதனால் மட்டும் பெரிய லாபம் கிடைத்துவிடாது. எந்த விதி பொருந்தியது என்று அறிய ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரு பெயர் சூட்டவும் வேண்டும். உண்மையான பரிகாரத்தை ஆல்பிரட் ஆஹோவும் மார்கரெட் கோரசிக்கும் 1975-லேயே காட்டினார்கள். தேட வேண்டிய சொற்கள் அனைத்தையும் முதலில் ஒரே கணித யந்திரமாகப் பின்னிவிட்டு, எழுத்தை ஒரே ஒரு முறை படித்துச் செல்கையில் எல்லாச் சொற்களையும் ஏககாலத்தில் கண்டுபிடிக்கும் முறை அது. நூலகத்துக்கான ஒரு தேடல் புரோகிராம் அதனால் 5 முதல் 10 மடங்கு வேகம் பெற்றது என்று அவர்கள் எழுதினார்கள். சொற்களுக்குச் செய்ததை ரீஜெக்ஸ்களுக்கும் செய்கிற கருவிகள் இன்று உள்ளன, கூகுளின் ஆர்.இ.2, இன்டெல் 2015-ல் பொதுவுடைமையாக வெளியிட்ட ஹைபர்ஸ்கேன் ஆகியவை ஒரு வரியைப் பல விதிகளோடு ஒரே ஓட்டத்தில் ஒப்பிட்டுப் பொருந்தியவற்றின் ஜாபிதாவைக் கொடுத்துவிடும்.

ஆனால் வேகத்தைப் பற்றிய விசாரத்தில் சராசரியைவிட முக்கியமானது ஒன்றுண்டு. அதுதான் கூட்டத்திலுள்ள ஒரே ஒரு பொல்லாத விதி. தாம்ஸன் 1968-ல் காட்டிய வழி, சாத்தியமான எல்லாப் பாதைகளையும் ஒரே சமயத்தில் கணக்கில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து முன்னேறுவது. பெர்ல் முதலிய பிற்கால மொழிகளோ, வேறு சில வசதிகளுக்காக அவ்வழியைக் கைவிட்டு, ஒரு பாதையில் சென்று முட்டிக்கொண்டால் திரும்பி வந்து மறு பாதையில் செல்லும் முறையை மேற்கொண்டன. சில விதிகளில் இந்தத் திரும்பி வருதல் எழுத்துக்கு எழுத்து இரட்டித்துக்கொண்டே போகும். ரஸ் காக்ஸ் என்பவர் 2007-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், 29 எழுத்து நீளமுள்ள ஒரு சரத்தை ஒரு விசேஷ விதியோடு ஒப்பிடப் பெர்லுக்கு 60 விநாடிக்கு மேல் ஆயிற்று என்றும், தாம்ஸனின் முறைக்கு 20 மைக்ரோவிநாடியே ஆயிற்று என்றும் காட்டினார். இது ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2019 ஜூலை 2-ஆம் தேதி, உலகின் வலைத்தளங்களில் கணிசமான பகுதிக்குக் காவல் நிற்கும் கிளவுட்பிளேர் ஸ்தாபனம் தன் விதிப் பட்டியலில் ஒரு புது விதியைச் சேர்த்தது; புள்ளியும் நட்சத்திரமும் அடுத்தடுத்து வந்த ஒரு சிறு பகுதி அவ்விதியில் இருந்தது; சர்வர்களின் சக்தி முழுவதையும் அது உறிஞ்சிக்கொள்ள, எண்ணற்ற தளங்கள் 27 நிமிஷம் திறக்காமற் போயின. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், வரியின் ஓரங்களிலுள்ள வெற்றிடத்தை நீக்குவதற்காக எழுதிய ஓர் அப்பாவி விதி, சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்த ஒரு வரியைச் சந்தித்து, ஏறக்குறைய 20 கோடி ஒப்பீடுகளில் சிக்கி, புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்புளோவை 34 நிமிஷம் நிறுத்திவைத்தது. ஆயிரம் விதிகள் ஒழுங்காக இருந்தும் பயனில்லை. வரிசையில் நிற்கும் வரி, தனக்குச் சம்பந்தமில்லாத பொல்லாத விதியையும் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது.

இனி, தமிழருக்கே உரிய ஒரு குறை. சொல்லாக அமையும் எழுத்து என்பதற்கு ரீஜெக்ஸில் ஒரு சுருக்கக் குறி உண்டு. பைதானுடன் வரும் ரீஜெக்ஸ் பகுதியில் அக்குறியைக் கொண்டு 'தமிழ்' என்ற சொல்லைத் தேடினால், அது ஒரு சொல்லாக அகப்படாமல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாக அகப்படும். யூனிகோடில் க, ம, ழ போன்றவை எழுத்துகள் என்ற வகுப்பிலும், கொக்கி, கால், கொம்பு, புள்ளி முதலியவை துணைக்குறிகள் என்ற வேறு வகுப்பிலும் சேர்க்கப்பட்டிருக்கின்றன; பைதானின் அக்குறி துணைக்குறிகளைச் சொல்லின் அங்கமாக மதிப்பதில்லை, பெர்ல் மதிக்கிறது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியையோ, முழுக் குறியாக ஒரு விதமாகவும், ஒற்றைக் கொம்பும் காலுமாக மற்றொரு விதமாகவும் சேமிக்கலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, விதிக்கு இரண்டும் வேறு. ஆகவே ஆங்கில வரிகளோடு மட்டும் பழகிய ஒரு விதிப் பட்டியலில் தமிழ் வரிகளைச் செலுத்தினால், அவை தவறான ரகத்தில் விழும், அல்லது எந்த ரகத்திலும் விழாமல் மறைந்துபோகும். வரிகளை முதலில் ஒரே உருவுக்குக் கொண்டுவருவதும், துணைக்குறிகளை மதிக்கும் வேறு ரீஜெக்ஸ் பகுதியைப் பைதானில் தருவித்துக்கொள்வதும் செய்யக்கூடிய காரியங்களே. குறை இருப்பது தெரிந்தால்தானே செய்யலாம்? பொருந்தாத வரிகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்றால் அது தெரிய வழியே இல்லை.

இங்குதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. பட்டியலில் எந்த விதிக்கும் பொருந்தாத வரியே எல்லா வரிகளிலும் அதிகச் செய்தி உடையது. பொருந்திய வரி, நாம் எதிர்பார்த்தது நடந்தது என்று மட்டுமே சொல்கிறது. பொருந்தாத வரி, உலகம் மாறிவிட்டது, நம் விதி மாறவில்லை என்று அறிவிக்கிறது. வங்கி தன் குறுஞ்செய்தியின் வாசகத்தைச் சிறிது மாற்றினால், அச்செய்திகளைப் படித்துச் செலவுக் கணக்கு வைக்கும் செயலி அன்றுமுதல் ஒரு செலவையும் காண்பதில்லை. செலவு குறைந்துவிட்டதாகப் பயனாளர் மகிழலாம். அப்படிப்பட்ட வரியைப் பேசாமல் விழுங்கிவிடும் புரோகிராம், எவ்வளவு சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தாலும், பொய்க்கணக்கு எழுதுகிறது. மேலே சொன்ன பெயில்-டு-பேன் இவ்விஷயத்தில் ஒரு நல்ல வழிகாட்டி: விதிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று அதனோடு தரப்படும் துணைக்கருவி, பொருந்திய வரிகள் இத்தனை, விலக்கப்பட்டவை இத்தனை, தவறவிட்டவை இத்தனை என்று தனித்தனியே கணக்குக் காட்டுகிறது, விதிகளுக்குரிய மாதிரி வரிகளும், அவ்வரிகள் பொருந்த வேண்டுமா கூடாதா என்ற குறிப்பும் அதன் மூலப்பிரதியிலேயே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. யாரேனும் ஒரு விதியைத் திருத்தினால் பழைய மாதிரிகள் மறுபடி ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. 2007-ல் பட்ட அடி வீண்போகவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்நாளில் இப்பழைய விதிகளை ஏன் கட்டி அழ வேண்டும், வரிகளை அதனிடமே கொடுத்து ரகம் பிரிக்கச் சொன்னால் போகிறது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அந்த ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அடைப்புக்குள் அடைப்பாகப் பின்னிக்கொண்டு போகும் வாசகத்தை எத்தனை ஆழமானாலும் பிரித்தறிவது, கிளீனி வகுத்த முறையின் எல்லைக்கே அப்பாற்பட்டது. மனிதர் மனம்போனபடி எழுதும் புகார்க் கடிதங்களைப் பிரிப்பதற்கும் ரீஜெக்ஸ் ஏற்றதல்ல. ஆயினும், யந்திரம் எழுதிய ஒழுங்கான வரிகளைப் பொறுத்தவரை விதிக்கு ஈடாக வேறொன்று இல்லை என்றே கருதுகிறேன். ஒரு வரியை ஏன் தடைப்பட்டியலில் சேர்த்தாய் என்று கேட்டால், இன்ன எண்ணுள்ள விதி, இன்ன இடத்தில் பொருந்திற்று என்று சுட்டிக்காட்ட முடிகிறது; இன்று சொன்ன பதிலையே நாளையும் சொல்லும்; தவறு என்று தெரிந்தால் அந்த ஒரு விதியை மட்டும் திருத்தலாம். அனுமதி மறுக்கப்பட்டவர் காரணம் கேட்கும் உரிமை படைத்தவர் என்று நாம் நம்பும் வரையில், காரணம் சொல்லக்கூடிய முறையை அவசரப்பட்டுக் கைவிடலாகாது. காரணம் சொல்லக்கூடிய முறையிலும் காரணத்தைக் குறித்து வைக்காமல் விட்டால், அந்தப் பெருமைக்கு அர்த்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே, ரீஜெக்ஸ் பாடம் நடத்துகிற கல்லூரிகளும், விதிப் பட்டியல்களை நம்பிக் காரியம் பார்க்கிற ஆபீஸ்களும் சில நியமங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் எது செல்லும் என்ற தர்மத்தைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். முந்தியது வெல்லும் தர்மமானால் சிறப்புவிதி முன்னும் பொதுவிதி பின்னும் நிற்க வேண்டும். ஒவ்வொரு விதியோடும் அது பிடிக்க வேண்டிய ஒரு வரியும், பிடிக்கக் கூடாத ஒரு வரியும், அவற்றுள் தமிழ் வரிகளும், மாதிரியாக இருக்க வேண்டும். ஒரு விதிக்கு இத்தனை நேரத்துக்கு மேல் கிடையாது என்று வரம்பு கட்ட வேண்டும். பொருந்திய வரியின் பக்கத்தில் எந்த விதி பொருந்தியது என்று குறிக்க வேண்டும். ஒரு வரியும் வந்து சேராத விதி எது, ஒரு விதியும் ஏற்காத வரி எத்தனை என்று கணக்கெடுத்து, அக்கணக்கைப் பொறுப்புள்ள ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கேனும் புதுக் கருவி தேவையில்லை. பத்திருபது வரி அதிகம் எழுதும் பொறுமை இருந்தால் போதும். தேர்வுத் தாளில், இவ்வரியைப் பிடிக்க ஒரு ரீஜெக்ஸ் எழுதுக என்று கேட்பதோடு நில்லாமல், இந்தப் பத்து விதிகளில் எதற்கு ஒருநாளும் வரி வந்து சேராது, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினாலே, அடுத்த தலைமுறைப் புரோகிராமர்கள் கையில் அகப்படும் நிரபராதிகளின் எண்ணிக்கை குறையும்.